சைக்கிள் தலைக்கவசம்: கழுவுவதா, சரிசெய்வதா, தூக்கிப் போடுவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊரில் சைக்கிள் தலைக்கவசம் படுகிற பாடு தனி. விடியலில் பனி, பத்து மணிக்கு மேல் மண்டையைப் பிளக்கும் வெயில், மாலையில் மழை, செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகும் பாதையில் செம்மண் புழுதி. போதாததற்கு நம் தலையில் தேங்காய் எண்ணெய், நெற்றியில் விபூதி. இவ்வளவும் ஒரே பொருளின் மேல் தினமும் ஏறுகின்றன.

கீழே ஒவ்வொரு குறியாகப் பிரித்து எழுதியிருக்கிறோம். உங்கள் தலைக்கவசத்தில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். எந்தக் குறியானாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது கழுவினால் போகுமா, சரிசெய்தால் தீருமா, தூக்கிப் போட வேண்டியதா? இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் தவறு நடக்கிறது. வெறும் நாற்றத்துக்காக நல்ல தலைக்கவசத்தை எறிபவர்கள் உண்டு. உள்ளே விரிசல் விட்டதைப் பளபளவென்று துடைத்துத் தம்பிக்குக் கொடுப்பவர்களும் உண்டு. நமக்குக் கவலை இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வெளியே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் ஓடு, பெரும்பாலும் பாலிகார்பனேட். அதனடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனில் பாலிஸ்டிரீன் நுரை. கடையில் சாப்பாடு கட்டித் தரும் வெள்ளை டப்பாவின் இனம்தான், ஆனால் அதைவிட அடர்த்தியானது. உயிரைக் காப்பது இந்த நுரை. விழும்போது இதன் நுண்ணறைகள் நசுங்கி அடியின் வேகத்தை உள்வாங்குகின்றன. தலை சட்டென்று நிற்காமல், சில மில்லிசெகண்டுகள் கூடுதலாக எடுத்துக்கொண்டு நிற்கிறது. ஒருமுறை நசுங்கிய அறை மறுபடி எழும்பாது. மற்றவை உள் பஞ்சு, வார், பக்கிள், பின்னந்தலையில் திருகும் சக்கரம் ஆகியவை. இவை எல்லாம் அந்த நுரையைச் சரியான இடத்தில் பிடித்துவைக்க இருக்கின்றன.

நாறுகிறது

நாற்றம் ஓட்டிலிருந்து வருவதில்லை, நுரையிலிருந்தும் வருவதில்லை. உள் பஞ்சிலும் தாடை வாரிலும் ஊறிய வியர்வையை பாக்டீரியா தின்பதால் வருகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். நேற்று மாலை நனைந்த பஞ்சு இன்று காலை மாட்டும்போதும் முழுதாகக் காய்ந்திருக்காது. அதன் மேலேயே இன்றைய வியர்வையும் சேர்கிறது. தேங்காய் எண்ணெய் வைக்கிற தலையாக இருந்தால் எண்ணெய் பஞ்சின் துளைகளை அடைத்துக்கொண்டு சிக்கு வாடை அடிக்கும். அந்தப் பஞ்சை அழுத்திப் பாருங்கள், மெத்தென்று எழும்பாமல் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்திருக்கும்.

வாசனைத் திரவியம் அடித்து மறைக்க வேண்டாம். நாற்றமும் போகாது, அதில் கலந்திருக்கும் கரைப்பான் நுரைக்கும் ஆகாது. செய்ய வேண்டியது இதுதான்.

பஞ்சைக் கழற்றும் முன் உட்புறத்தைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் துண்டு எங்கே இருந்தது என்பது அரை மணி நேரத்தில் மறந்துவிடும். இடம் மாறிய பஞ்சு தலையில் குத்தும். வெல்க்ரோவிலிருந்து துண்டு துண்டாக, ஓரத்திலிருந்து மெதுவாக உரிக்கவும். நடுவில் பிடித்து இழுத்தால் நுரையில் ஒட்டியிருக்கும் வெல்க்ரோ வட்டமே பெயர்ந்து வந்துவிடும்.

விபூதி படிந்த பஞ்சை நனைப்பதற்கு முன் உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். நனைந்த விபூதி குழம்பாகி உள்ளே இறங்கிவிடும். பிறகு 2 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி குழந்தை ஷாம்பூ கலந்து, பஞ்சை 20 முதல் 30 நிமிடம் ஊறவையுங்கள். எண்ணெய் ஏறியதாக இருந்தால் ஊறவைக்கும் முன்பே பாத்திரம் கழுவும் திரவத்தில் நான்கைந்து துளி விட்டு விரலால் கசக்குங்கள். எண்ணெயை எடுப்பது அதுதான். உள்ளங்கைக்குள் வைத்து அமுக்கி அமுக்கிப் பிழியுங்கள், முறுக்க வேண்டாம். முறுக்கினால் துணியும் பஞ்சும் தனித்தனியாகப் பிரியும். நுரை வருவது நிற்கும்வரை நல்ல நீரில் அலசுங்கள். அலசாமல் விட்ட சவர்க்காரம் மறுநாள் வியர்வையோடு கண்ணில் இறங்கி எரியும். நெற்றியில் பொரிப்பொரியாகக் கிளம்புவதற்கும் பாதி நேரம் காரணம் இதுவே.

இன்னும் வாடை இருந்தால் 1 லிட்டர் நீருக்கு 100 மில்லி வெள்ளை வினிகர் கலந்து 20 நிமிடம் ஊறவைத்து மறுபடி அலசவும். மஞ்சள், குங்குமக் கறை ஏறியிருந்தால் ஒரு செய்தி: மஞ்சள் கறை சவர்க்காரம் பட்டதும் சிவக்கும். பயப்பட வேண்டாம், நன்றாக அலசினால் பழைய நிறத்துக்கு வரும், பஞ்சை மட்டும் ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால் பெரும்பகுதி வெளுத்துவிடும். பஞ்சுக்கு அந்த வெயில் பரவாயில்லை, தலைக்கவசத்துக்குத்தான் ஆகாது.

வாரைக் கழுவத் தலைக்கவசம் முழுவதையும் ஊறப்போட வேண்டியதில்லை. வாளியின் விளிம்பில் கவிழ்த்து வைத்து, வார் மட்டும் சவர்க்கார நீரில் தொங்கும்படி 15 நிமிடம் விடுங்கள். வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து விறைத்த வார் இதிலேயே இளகிவிடும். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷால் நெசவின் போக்கிலேயே தேயுங்கள். வெளி ஓட்டையும் உள் நுரையையும் சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். காற்றுத் துளைகளில் அடைந்த செம்மண்ணை மென்மையான பிரஷால் தட்டி எடுத்து, குழாய் நீரை மெல்ல ஓடவிடுங்கள். வேகமாகப் பீய்ச்சும், மோட்டார் சைக்கிள் கழுவும் குழாய் வேண்டாம். ஓடும் நுரையும் ஒட்டிய விளிம்பில் நீர் புகுந்து பெயர்க்கும்.

காயவைப்பது நிழலில், மின்விசிறிக்கு நேராக. குளிர்பெட்டியின் பின்புறம் வேண்டாம், முடி உலர்த்தும் கருவி வேண்டாம், சிங்க் கூரைக்கு நேர் கீழே ஆணியில் மாட்டுவதும் வேண்டாம். தினமும் ஓட்டுகிறவர் வாரம் ஒருமுறை பஞ்சையும், மாதம் ஒருமுறை முழுவதையும் கழுவினால் நாற்றம் என்ற பேச்சே எழாது. இரண்டு செட் பஞ்சு இருந்தால் இன்னும் நல்லது, ஒன்று காயும்போது மற்றது தலையில் இருக்கும்.

கரும்புள்ளி பூத்திருக்கிறது

அது பூசணம். ஈரத்தோடு பையில் போட்டுக் கட்டியதால் வந்தது. பஞ்சில் வந்தால் வினிகர் நீரில் ஒருமுறை முயன்று பாருங்கள். புள்ளி உள்வரை இறங்கியிருந்தால் பஞ்சை மாற்றிவிடுங்கள். துணி வெளுக்கும் குளோரின் திரவத்தை மட்டும் தொட வேண்டாம். புள்ளி வெளுக்கும், கூடவே வாரின் இழையும் வலுவிழக்கும். விழும் நேரத்தில் தலைக்கவசத்தைத் தலையில் பிடித்துவைப்பது அந்த வார் ஒன்றுதான்.

ஓட்டில் பிசின், ரப்பர் பால், தார், ஸ்டிக்கர் பசை

இந்த இடத்தில்தான் கவனமான மனிதர்கூடக் கைதவறி நல்ல தலைக்கவசத்தைக் கெடுத்துவிடுகிறார். மோட்டாரில் கிரீஸ் ஒட்டினால் பெட்ரோல் போட்டுத் துடைத்துப் பழகிய கை, இங்கும் அதையே தேடும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். புதிய மின்விசிறியோ தொலைக்காட்சியோ வாங்கினால் பெட்டிக்குள் வரும் வெள்ளை நுரைத் துண்டு ஒன்றைத் தகரத்தட்டில் வைத்து, வெளியில், அடுப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில், அதன் மேல் நான்கு சொட்டு பெட்ரோல் விடுங்கள். சர்ரென்று சிறு ஓசை. விழுந்த இடம் குழியாக இறங்கும். நுரையிலிருந்த காற்றெல்லாம் வெளியேறி, கட்டை விரல் அளவு நுரை ஒட்டும் பிசினாகச் சுருங்கி அடியில் உட்கார்ந்திருக்கும். தலைக்கவசத்துக்குள் இதே காரியம் ஓட்டின் மறைவில், கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். வெளியே ஓடு புதிதுபோல் மின்னும், உள்ளே பள்ளம்.

பெட்ரோலோடு சேர்த்துத் தள்ளி வைக்க வேண்டியவை: தின்னர், மண்ணெண்ணெய், நகப்பூச்சு அழிப்பான், அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம், செருப்பு ஒட்டும் மஞ்சள் பசை, ஸ்ப்ரே பெயிண்ட், கரப்பான் பூச்சி மருந்து. யாரும் நினைத்துப் பார்க்காத இரண்டு பொருள்களும் இந்தப் பட்டியலில் சேரும். ஒன்று கொசு விரட்டி. தோட்டத்துப் பாதையில் கொசு விரட்டி இல்லாமல் போக முடியாதுதான், ஆனால் டீட் என்ற மருந்து கலந்தவை பிளாஸ்டிக்கைக் கரைக்கும், மங்கலாக்கும். முதலில் அதைப் பூசி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே தலைக்கவசத்தைத் தொடுங்கள். மற்றொன்று அந்துருண்டை. அலமாரியில் துணியோடு தலைக்கவசத்தையும் வைத்து இரண்டு அந்துருண்டை போட்டால், அதன் ஆவியே பாலிஸ்டிரீனை மெல்ல அரிக்கும். பூச்சி வராமலிருக்கத் துணிப்பையில் போட்டு உயரத்தில் மாட்டினால் போதும்.

கறைக்கு என்ன வழி? ரப்பர் பால் ஈரமாக இருக்கும்போதே பட்டதைக் கண்டால் வெறும் நீரே போதும், உடனே கழுவிவிடலாம். காய்ந்துவிட்டால் அவசரப்படாமல் முழுதாகக் காயவிட்டு, பெருவிரலால் ஓரத்திலிருந்து உருட்டுங்கள்; உருண்டையாகத் திரண்டு வந்துவிடும். ஸ்டிக்கர் பசைக்குச் சவர்க்கார நீரில் நனைத்த துணியை 15 நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டு, நகத்தால் மெல்ல உருட்டவும். தார்ப்பொட்டு சுரண்டி வராவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். அழகுக்குறைவுதான், ஆபத்தில்லை.

உள்ளே வெல்க்ரோ வட்டம் பெயர்ந்துவிட்டால், பின்புறம் தானே ஒட்டும் பசை உள்ள வெல்க்ரோ வட்டம் தையல் பொருள் கடையில் கிடைக்கும். அதைத்தான் ஒட்ட வேண்டும், சூப்பர் குளூ வேண்டாம்.

முன்னே சரிகிறது, பின்னே ஏறுகிறது, பக்கவாட்டில் ஆடுகிறது

பாதிப் பேர் தலைக்கவசத்தை நெற்றி முழுவதும் தெரியும்படி பின்னந்தலையில் தள்ளி அணிகிறார்கள். காற்று வரும், முடி கலையாது. ஆனால் சைக்கிளில் கவிழும்போது முதலில் தரையில் மோதுவது பெரும்பாலும் நெற்றிப்பக்கமும், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள பொட்டுப்பக்கமும்தான். நெற்றி திறந்திருந்தால் தலைக்கவசம் இருந்தும் பயன் குறைவு.

சரிசெய்யும் வரிசை முக்கியம். வாரை முதலில் இறுக்கிவிட்டுச் சக்கரத்தைத் திருகினால் எவ்வளவு நேரம் பார்த்தாலும் சரியாக வராது.

முதலில் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். தலைக்கவசத்தைப் படுக்கை மட்டமாக வையுங்கள். புருவத்துக்கும் முன்விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடம் இருக்க வேண்டும், அதற்கு மேல் கூடாது. அண்ணாந்து பார்க்காமல் கண்ணை மட்டும் உயர்த்தினால் முன்விளிம்பு தெரிய வேண்டும்.

இப்போது பின்சக்கரம். பின்னந்தலையில் கைவைத்துத் தடவினால் ஓர் எலும்பு மேடு தட்டுப்படும். சக்கரத்தின் பிடி அந்த மேட்டுக்குக் கீழே உட்கார வேண்டும்; மேட்டின் மேல் உட்கார்ந்தால் வழுக்கி ஏறும். பல தலைக்கவசங்களில் இந்தப் பிடியை உயர்த்தவும் தாழ்த்தவும் மூன்று நான்கு துளைகள் இருக்கும், அவற்றைத் தேடிப் பாருங்கள். பின்னலோ கொண்டையோ போடும் பெண்கள் பின்னலைப் பிடிக்குக் கீழே, கழுத்தை ஒட்டித் தாழ்த்திப் போட வேண்டும். உயரக் கட்டிய கொண்டை பிடியை வெளியே தள்ளும், தலைக்கவசம் முன்னால் சரியும்.

சக்கரத்தைப் பிடிமானம் தெரியும்வரை மட்டும் திருகுங்கள். வாரைக் கட்டாமலே குனிந்து தலையை மெல்ல ஆட்டினால் விழாமல் நிற்க வேண்டும்.

அடுத்து காதடியில் வாரின் இரண்டு கிளையும் சேரும் கிளிப். அது காதுமடலுக்குச் சற்றுக் கீழே வர வேண்டும், இரண்டு கிளையும் காதைச் சுற்றி ஆங்கில ‘வி’ போல் நிற்க வேண்டும். முன்கிளை தளர்ந்திருந்தால் தலைக்கவசம் பின்னே ஏறும். பின்கிளை தளர்ந்திருந்தால் முன்னே கவிழும். எந்தப் பக்கம் சரிகிறது என்பதை வைத்தே எந்தக் கிளையை இழுக்க வேண்டும் என்று கண்டுபிடித்துவிடலாம்.

கடைசியாகத் தாடை வார். பக்கிளைப் போட்டபின் வாருக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாகப் போக வேண்டும், இரண்டு விரல் சிரமப்பட்டுப் போகலாம். இப்போது வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுங்கள். தலைக்கவசம் உச்சந்தலையில் லேசாகக் கீழே அழுத்துவதை உணர வேண்டும். உணரவில்லையென்றால் வார் இன்னும் தளர்வு. பிறகு முன்விளிம்பைப் பிடித்துப் பின்னால் தள்ளிப் பாருங்கள், இடது வலதாகத் திருப்பிப் பாருங்கள். நெற்றித்தோலும் கூடவே நகர்ந்தால் சரியாக அமர்ந்திருக்கிறது. தோல் நிற்கத் தலைக்கவசம் மட்டும் நகர்ந்தால் மறுபடி முதலிலிருந்து.

முடி வெட்டினாலும் அளவு மாறும். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போய் முடி காணிக்கை செலுத்திவிட்டு வந்தவர், மறுநாள் சைக்கிள் எடுக்கும் முன் சக்கரத்தையும் வாரையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். அடர்ந்த முடி இருந்த இடத்தில் இப்போது வெறும் தோல், நேற்றுவரை கச்சிதமாக இருந்தது இன்று ஆடும். மொட்டைத் தலையில் வியர்வை தங்காமல் நேரே கண்ணுக்கு வழியும் என்பதால் மெல்லிய பருத்தித் துணித்தொப்பி ஒன்றை உள்ளே போடலாம். அதற்கு மேல் தடிமனான எதையும் உள்ளே போட வேண்டாம், துண்டை மடித்து வைப்பதும் வேண்டாம்.

சக்கரத்தை முழுக்க இறுக்கிய பிறகும் ஆடினால் குறை வாரில் இல்லை. தலைக்கவசமே பெரியது.

நெற்றியில் வலி, சிவந்த தடம்

அளவு சரியாக இருந்தும் வலித்தால் வடிவம் ஒத்துப்போகவில்லை என்று பொருள். சிலருக்குத் தலை உருண்டை, சிலருக்கு முன்பின் நீண்ட முட்டை வடிவம். முட்டை வடிவத் தலையில் உருண்டைத் தலைக்கவசத்தை மாட்டினால் நெற்றியிலும் பின்னந்தலையிலும் அழுத்தும், பொட்டுப்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விடும். உருண்டைத் தலையில் நீண்ட தலைக்கவசம் போட்டால் நேர்மாறாக, காதுக்கு மேலே நெருக்கும். பஞ்சைத் தடித்ததாகவோ மெல்லியதாகவோ மாற்றினால் சிறு வித்தியாசம் தீரும். நுரையை வெட்டியோ தேய்த்தோ இடம் உண்டாக்குவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். அரை சென்டிமீட்டர் தேய்த்தால் அந்த இடத்தில் காக்கிற நுரை அரை சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. வேறு வடிவம் தேடுவதே வழி.

உள்ளே ஒரு மஞ்சள் தகடு லொடலொடவென்று நகர்கிறது

பழுதில்லை. மிப்ஸ் என்ற அமைப்புள்ள தலைக்கவசம் அது. தலை சாய்வாகத் தரையில் மோதும்போது மூளைக்குப் போகும் சுழற்சியைக் குறைக்க, அந்தத் தகடு 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நகரும்படி செய்திருக்கிறார்கள். ஆடுகிறதே என்று பசை போட்டு ஒட்டிவிட்டால் அதன் வேலையையே நிறுத்தியதாகும். கழுவும்போதும் கழற்ற வேண்டாம்.

பக்கிள் ‘டக்’ என்று விழவில்லை, சக்கரம் நழுவுகிறது

பக்கிளில் பெரும்பாலும் செம்மண்ணும் காய்ந்த வியர்வை உப்பும்தான் அடைத்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, பிரஷால் தேய்த்து, நீருக்குள்ளேயே இருபது முறை பூட்டித் திறக்கவும். எண்ணெய் விட வேண்டாம், எண்ணெயில் புழுதி இன்னும் கெட்டியாக ஒட்டும். காந்தப் பக்கிளாக இருந்தால் சைக்கிள் கடைத் தரையிலிருந்து இரும்புத் துகள் பிடித்திருக்கும். ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்தால் வந்துவிடும். பல் உடைந்திருந்தால், அல்லது பூட்டியபின் பலமாக இழுத்தால் திறந்துகொண்டால், தலைக்கவசம் அணிவதை அங்கேயே நிறுத்துங்கள். சக்கரமும் அப்படித்தான்: கழுவியும் நழுவினால் உள்ளே பல் தேய்ந்துவிட்டது. சில தயாரிப்புகளுக்கு அந்தப் பிடி தனியாகக் கிடைக்கும், கடையில் தயாரிப்பு எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.

ஓட்டில் கொப்புளம், விரிசல், பள்ளம்

கொப்புளம் சூட்டின் அடையாளம். வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் முன்பலகை 70 பாகையை நெருங்கும். அங்கே வைத்த தலைக்கவசத்தில் ஓடு நுரையிலிருந்து பிரிந்து உப்பும், நுரையும் லேசாகச் சுருங்கும். விரலால் அமுக்கினால் கொப்புளம் உள்ளே போய் மறுபடி எழும். அதற்குச் சிகிச்சை கிடையாது, மாற்ற வேண்டும்.

விரிசலைப் பார்ப்பதற்கு நல்ல வெளிச்சமும் பத்து நிமிடப் பொறுமையும் வேண்டும். பஞ்சு அத்தனையும் கழற்றுங்கள். கைவிளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, நுரையின் உட்புறம் முழுவதும் மெல்ல நகர்த்துங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மயிரிழைக் கோடு சாய்ந்த வெளிச்சத்தில் நிழலாக எழும். காற்றுத் துளைகளுக்கு இடையே உள்ள மெல்லிய பாலங்களில்தான் விரிசல் அதிகம் வரும், அங்கே இரண்டு முறை பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் இடது வலது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தடவுங்கள். ஒருபக்கம் நுரை மெலிந்தோ வழவழப்பாகவோ பட்டால் அந்த இடம் நசுங்கியிருக்கிறது. கடைசியில் இரண்டு உள்ளங்கையால் பக்கவாட்டில் மெல்ல அமுக்கிக் காதருகே வையுங்கள். நொறுங்கும் ஓசை கேட்டால் முடிந்தது. பின்பிடி நுரையில் உரசும் ‘கிர்ர்’ ஓசை வேறு, அது ஆபத்தில்லை. பிடியைக் கழற்றிவிட்டு அமுக்கினால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கைப்பிடியில் மாட்டியிருந்தது நழுவி சிமெண்டில் விழுந்தால்? உள்ளே தலை இல்லாததால் அடியின் பலம் குறைவு, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் மேலே சொன்ன சோதனையைச் செய்துவிடுங்கள். தலையில் இருக்கும்போது விழுந்து தரையில் மோதியதென்றால் சோதனையே வேண்டாம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் மாற்ற வேண்டும். மனிதருக்கு ஒரு கீறல்கூட இல்லையே என்று தோன்றும். அவருக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணமே அந்த நுரை நசுங்கியதுதான்.

விழாமலே வயதாவதும் உண்டு. உள்ளே ஒட்டிய சீட்டில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 5 முதல் 10 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. தினம் வெயிலிலும் வியர்வையிலும் கிடக்கிற நம் ஊர்த் தலைக்கவசத்துக்கு 5-க்குப் பக்கமாகவே கணக்கு வைப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. ஓடு வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி விரலில் ஒட்டினால் வருடத்தைப் பார்க்கவே வேண்டாம்.

புதிது வாங்கப் போகும்போது

துணி அளக்கும் நாடாவைப் புருவத்துக்கு மேல் 2 சென்டிமீட்டரில், காதுக்கு மேலாகச் சுற்றி, பின்னந்தலை மேட்டின் மேல் கொண்டுவந்து அளவெடுங்கள். நாடா இல்லாவிட்டால் சணல் கயிற்றால் சுற்றி அடிக்கோலில் அளக்கலாம். 57 என்று வந்தால் 55–59 எழுதியதைப் பாருங்கள். அளவு இரண்டுக்கும் எல்லையில் இருந்தால் இரண்டையும் போட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பிறகு உள்ளே இருக்கும் சீட்டு. ஐரோப்பியத் தரம் என்றால் ஈஎன் 1078, அமெரிக்கத் தரம் என்றால் சிபிஎஸ்சி (மேலே சொன்ன ஆணையத்தின் தரம்), ஆஸ்திரேலியா நியூசிலாந்து என்றால் ஏஎஸ்/என்இசட்எஸ் 2063. ஈஎன் 1078 சோதனையில் தலைக்கவசம் மாட்டிய உலோகத் தலையைச் சுமார் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் போடுகிறார்கள், சிபிஎஸ்சியில் 2 மீட்டரிலிருந்து. தலைக்குப் போகும் அதிர்வு முன்னதில் 250 ஜி (அதாவது புவியீர்ப்பைப்போல் 250 மடங்கு), பின்னதில் 300 ஜி என்ற எல்லையைத் தாண்டக் கூடாது. இவற்றில் ஒன்றுகூட எழுதாத தலைக்கவசத்தை, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்க வேண்டாம். உட்புறத்தைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள்: கெட்டியான நுரை இல்லாமல் பிளாஸ்டிக்கும் பஞ்சும் மட்டும் இருந்தால் அது விளையாட்டுச் சாமான்.

விலை கூடினால் எடை குறையும், காற்றுத் துளை கூடும், சக்கரமும் வாரும் இதமாக இருக்கும். எளிய விலையில் வரும் தரச்சீட்டு உள்ள தலைக்கவசமும் அதே சோதனையைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. சில பத்து வெள்ளிதான் (ரிங்கிட்) கையில் இருக்கிறது என்பதற்காக யாரும் வெறுந்தலையோடு போக வேண்டியதில்லை. நிறம் வெளிர் மஞ்சளோ வெள்ளையோ ஆரஞ்சோ இருக்கட்டும். விடியற்காலைப் பனியில், செம்பனை நிழலில், லோரி ஓட்டுநர் கண்ணுக்குக் கறுப்பு தெரியாது.

வீட்டில் இருக்கும் மோட்டார் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மிதிப்பதும் நம் ஊரில் பழக்கம். மோட்டாருக்கு அது 1973 முதல் சட்டம், வீட்டுக்கு வீடு இருக்கிறது. மிதிக்கும்போது எடை கழுத்தைப் பிடிக்கும், காற்றுப் போகாமல் தலை வேகும், ஐந்து நிமிடத்தில் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிடுவார்கள். தலையில் இல்லாத தலைக்கவசம் எந்த வகையானாலும் ஒன்றுதான்.

பிள்ளைகளுக்கு

பள்ளிச் சீருடையை அடுத்த வருடத்துக்கும் ஆகும் என்று பெரிதாக எடுப்போம். தலைக்கவசத்தில் அது கூடாது. பெரிய தலைக்கவசம் விழும்போது சுழன்று முகத்தை மூடும், இல்லையென்றால் கழன்று தனியே ஓடும். பிள்ளையைக் கடைக்கே கூட்டிப்போய்ப் போட்டுப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொட்டாவிச் சோதனை செய்து பாருங்கள். பக்கிளைப் போடும்போது தாடைத்தோல் கிள்ளிக்கொள்ளாமல் உங்கள் விரலைப் பின்னால் வைத்துப் பூட்டுங்கள். ஒருமுறை கிள்ளினால் பிறகு அந்தப் பிள்ளை தலைக்கவசத்தைக் கண்டாலே ஓடும். சைக்கிளை விட்டு இறங்கி மரமேறவோ ஊஞ்சலாடவோ போனால் கண்டிப்பாகக் கழற்றச் சொல்லுங்கள். கிளையிலோ கம்பியிலோ தலைக்கவசம் சிக்கினால் தாடை வார் கழுத்தை நெரிக்கும்.

தூக்கிப் போடும்போது

தோட்டத்தில் எதுவும் வீணாவதில்லை. குப்பைத்தொட்டியின் மேல் பளபளவென்று ஒரு தலைக்கவசம் கிடந்தால் மறுநாள் அது இன்னொரு பிள்ளையின் தலையில் இருக்கும். அதனால் வாரை இரண்டு பக்கமும் கத்தரியால் வெட்டுங்கள். பக்கிளை வெட்டி எடுங்கள். உள் நுரையைச் சுத்தியலால் இரண்டாக உடைத்து, ஓட்டின் மேல் கறுப்பு மார்க்கரால் ‘பழுது’ என்று பெரிதாக எழுதி, அதன் பிறகு போடுங்கள்.